ஏழு ஆண்டு என்றால் எத்தனை நாள்?

1943 மே மாதம் ஒலிவியா டி ஹாவிலண்ட் தன் காலண்டரைப் பார்த்தார். வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவோடு போட்ட ஏழு ஆண்டு ஒப்பந்தம் அந்த மாதம் 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஸ்டுடியோவும் அதே காலண்டரைத்தான் பார்த்தது. ஆனால் அவர்கள் கணக்கில் ஏழு ஆண்டு இன்னும் முடியவில்லை. கிட்டத்தட்ட ஆறு மாதம் பாக்கி இருந்தது.

அதெப்படி? ஏழு ஆண்டு என்றால் ஏழு ஆண்டுதானே?

இங்கேதான் ஹாலிவுட்டின் பொற்காலம் என்று நாம் சொல்லிக்கொள்ளும் அந்தக் காலத்தின் சூட்சுமம் இருக்கிறது. அன்றைய ஸ்டுடியோ ஒப்பந்தத்தின் அமைப்பு இதுதான்: முதலில் 52 வாரம். அது முடிந்ததும் இன்னொரு 52 வாரத்துக்கு நீட்டிக்கும் உரிமை ஸ்டுடியோவுக்கு உண்டு. இப்படியே ஏழு முறை. நீட்டிக்காமல் விடும் உரிமையும் ஸ்டுடியோவுக்கு மட்டும்தான். நடிகருக்கு ஒன்றும் கிடையாது. கொடுத்த வேடத்தில் நடிக்க வேண்டும். வேண்டாம் என்றால் சஸ்பென்ஷன். நம் ஊர் அரசு ஊழியரை சஸ்பெண்ட் செய்தால்கூடப் பாதிச் சம்பளமாவது வரும். அங்கே அதுவும் இல்லை. சம்பளம் நிற்கும், வேறு இடத்தில் நடிக்கவும் கூடாது. இது போதாதென்று, சஸ்பென்ஷனில் கழித்த நாட்களை எல்லாம் கூட்டி ஒப்பந்தத்தின் வாலில் ஒட்டுவார்கள். நீங்கள் மறுத்த படத்தில் வேறொருவர் நடித்து முடிக்க மூன்று மாதம் ஆனால் உங்கள் ஏழு ஆண்டு மூன்று மாதம் நீளும். நிறைய மறுத்தால் நிறைய நீளும். மறுத்துக்கொண்டே இருந்தால் முடியவே முடியாது.

கடிகாரம் முதலாளியிடம் இருந்தது என்று சுருக்கமாகச் சொல்லலாம். அதை அவர்கள் கையிலிருந்து பிடுங்கியவர், திரையில் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பெண்ணாகவே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிற ஒருத்தி.

ஒலிவியா 1916 ஜூலை 1-ஆம் தேதி டோக்கியோவில் பிறந்தவர். பெற்றோர் ஆங்கிலேயர்கள். அப்பா அங்கே காப்புரிமை வழக்கறிஞர். அம்மா லிலியன் மேடை நடிகையாக இருந்தவர். 1919-ல் இரண்டு பெண் குழந்தைகளோடு கலிஃபோர்னியாவில் வந்து இறங்கினார்கள். அப்பா ஜப்பானுக்கே திரும்பிப் போய்விட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்டார். மாற்றாந்தந்தை ஜார்ஜ் ஃபான்டெய்ன் ஒரு துணிக்கடை மேலாளர், வீட்டை ராணுவ முகாம் மாதிரி நடத்தியவர். நடிப்பு என்ற பேச்சே அவருக்குப் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் நிதி திரட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாடகம் போட்டார்கள். எலிசபெத் பென்னெட் வேடம் ஒலிவியாவுக்குக் கிடைத்தது. நாடகமா, வீடா, ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணு என்றார் ஃபான்டெய்ன். பெண் பெட்டியைக் கட்டிக்கொண்டு குடும்ப நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டாள். பின்னால் ஜாக் வார்னரும் இதே மாதிரி ஒரு முடிவை இவர் முன்னால் வைக்கப்போகிறார். ஆள் யார் என்று ஃபான்டெய்னிடம் விசாரித்திருக்கலாம்.

சினிமா அவருடைய திட்டத்திலேயே இல்லை. மில்ஸ் கல்லூரியில் படித்து ஆங்கில ஆசிரியையாக வேண்டும் என்று இருந்தார். 1934-ல் ஆஸ்திரிய மேடை மேதை மாக்ஸ் ரைன்ஹார்ட் ஹாலிவுட் பௌல் திறந்தவெளி அரங்கில் ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தைப் பிரமாண்டமாகப் போட்டார். ஹெர்மியா வேடத்துக்கு ஒலிவியா மாற்று ஆள். சரியாகச் சொன்னால் மாற்று ஆளுக்கு மாற்று ஆள். நடிக்க வேண்டிய குளோரியா ஸ்டூவர்ட் ('டைட்டானிக்' படத்தில் வயதான ரோஸாக வருகிற அதே ஸ்டூவர்ட்தான்) படவேலையால் விலகினார். அவருக்கு அடுத்தவரும் விலகினார். பதினெட்டு வயதுப் பெண் மேடையேறினாள். அந்த நாடகத்தைப் படமாக எடுத்தது வார்னர். அந்த ஆண்டு இறுதியிலேயே வாரம் 200 டாலருக்கு முதல் ஒப்பந்தம். 1936-ல் அதை மாற்றிப் புதிதாக இன்னொன்று. அப்போதும் அவர் மைனர்தான். நீதிமன்ற ஒப்புதல் வாங்கித்தான் அந்த ஒப்பந்தமே செல்லுபடியானது. கடைசியில் வழக்கானது இந்த இரண்டாவது ஒப்பந்தம்தான்.

அடுத்த சில ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் வார்னரும் அவரை அப்படித்தான் கடத்தியது. எரால் ஃப்ளின் வாளைச் சுழற்றுவார், இவர் பால்கனியில் நிற்பார். 1935-ன் 'கேப்டன் பிளட்' தொடங்கி 1941 வரை இருவரும் எட்டுப் படங்கள். 1938-ன் 'ராபின் ஹுட்' இன்றைக்கும் பார்க்கச் சலிக்காத படம், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் மேரியன் என்ற பாத்திரத்துக்கு அதில் அழகான உடைகளும் கவலையான முகமும் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. நாயகன் வென்று திரும்பும்போது பரிசாக நிற்பதற்கு ஒரு பெண் தேவை. அதில் கொஞ்சம் புத்தி தெரிகிற கண்களை ஒலிவியா தன் செலவில் சேர்த்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

'கான் வித் தி விண்ட்' படத்தின் மெலனி வேடம் வெளியிலிருந்து வந்தது. தயாரிப்பாளர் செல்ஸ்னிக் கேட்கிறார், ஜாக் வார்னர் கடன் கொடுக்க மறுக்கிறார். ஒலிவியா நேராக ஜாக் வார்னரின் மனைவி ஆனைத் தேநீருக்கு அழைத்துப் பேசினார். ஆன் வீட்டில் பேசினார். வார்னர் இறங்கி வந்தார். சும்மா இல்லை, பதிலுக்கு செல்ஸ்னிக் கையில் இருந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் ஒரு பட உரிமை வார்னருக்குப் போனது. ஒரு நடிகைக்கு ஒரு நடிகர். பண்டமாற்று. அந்தக் காலத்துச் சினிமாப் பத்திரிகைகள் இதையெல்லாம் சுவாரசியமான துணுக்காகத்தான் எழுதின.

மெலனிக்காக ஒலிவியா துணை நடிகை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். 1940-ல் அந்த விருது அதே படத்தின் ஹாட்டி மெக்டேனியலுக்குப் போனது. ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர். ஒலிவியா அன்று இரவு எழுந்து போய் அழுததைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். மெக்டேனியலோ சக நடிகர்களோடு ஒரே மேசையில் உட்காரவே இல்லை. சுவரோரமாகத் தனி மேசை. இதை இங்கே எழுதாமல் மேலே போக முடியாது. ஒலிவியாவுக்குக் கிடைத்த வேடங்கள் சலிப்பானவை, சரி. மெக்டேனியலுக்குக் கிடைத்தவை வேலைக்காரி வேடங்கள் மட்டுமே. ஏழு ஆண்டோ எழுபது ஆண்டோ, எந்தச் சட்டப் பிரிவாலும் அன்று அவருக்கு வேறு வேடம் வாங்கித் தந்திருக்க முடியாது. ஸ்டுடியோ அடிமைத்தனம் என்று நட்சத்திரங்கள் பேசும்போதெல்லாம் அந்தச் சுவரோர மேசையும் நினைவில் இருப்பது நல்லது.

மெலனியாக நடித்த கையோடு வார்னருக்குத் திரும்பினால், பெட்டி டேவிஸ் எலிசபெத் ராணியாக நடிக்கும் படத்தில் பக்கத்தில் நிற்கும் பணிப்பெண். இப்போதுதான் ஒலிவியா கதைகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார். அனுப்ப அனுப்ப சஸ்பென்ஷன். 1941-ல் பாரமவுண்டுக்குக் கடனாகப் போய் நடித்த 'ஹோல்ட் பேக் தி டான்' படத்துக்கு மறுபடி ஆஸ்கர் பரிந்துரை. ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவர் வாழ்நாளில் மொத்தம் ஐந்து முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். ஐந்தில் ஒன்றுகூட வார்னர் படம் இல்லை. சொந்த வீட்டில் சோறு போடாமல் பக்கத்து வீட்டில் விருந்து சாப்பிட்ட கதை.

அந்த 1942 விருது விழாவில் ஜெயித்தது அவருடைய தங்கை ஜோன் ஃபான்டெய்ன். அக்கா தங்கைச் சண்டையைப் பற்றிப் புத்தகங்களும் கிசுகிசுக்களும் ஏராளம். வேண்டுமென்கிறவர்கள் தேடிப் படித்துக்கொள்ளலாம். எனக்கு அதில் ஒரே ஒரு தகவல்தான் முக்கியமாகப் படுகிறது: தங்கை டி ஹாவிலண்ட் என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாது, அது ஏற்கெனவே ஒலிவியாவின் பெயர் என்று அம்மாவே சொல்லிவிட்டார். அந்த வீட்டில் பெயரும் ஒரு சொத்து.

இனி வழக்கு. ஆனால் அதற்கு முன்னால் ஒரு தோல்வியைச் சொல்ல வேண்டும். 1936-ல் பெட்டி டேவிஸ் இதே வார்னரோடு சண்டை போட்டுக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய் அங்கே ஒரு தயாரிப்பாளருக்குப் படம் செய்ய ஒப்புக்கொண்டார். ஸ்டுடியோ லண்டன் நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்பின் சாரம் விசித்திரமானது. வார்னருக்காக நடித்தே தீர வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் வேறு யாருக்கும் நடிக்கக் கூடாது என்று தடை போடலாம். அப்படியானால் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்? அவர் புத்திசாலி, திறமைசாலி, வசதியுள்ளவர், வேறு வேலை பார்த்துக்கொள்ளலாமே என்பது போல நீதிபதி எழுதினார். பாராட்டுப் பத்திரத்தையே கைவிலங்காக மாட்டினார்கள். டேவிஸ் தோற்றுத் திரும்பினார்.

அந்தத் தீர்ப்பு லண்டனோடு நிற்கவில்லை. முப்பது ஆண்டு கழித்து இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. டயர் நூல் தயாரிக்கும் ஆலையில் ஐந்தாண்டு பாண்டு போட்டிருந்த ஒரு ஷிப்ட் சூப்பர்வைசர், பாதியில் விலகிப் போட்டி நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார். ஒப்பந்தக் காலம் முடியும்வரை அவர் அங்கே வேலை பார்க்கத் தடை விதித்தது செல்லும் என்று 1967-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பில் எடுத்துக்காட்டிய பழைய வழக்குகளில் வார்னர் பிரதர்ஸ் எதிர் நெல்சன் என்பதும் ஒன்று. நெல்சன் என்பது பெட்டி டேவிஸின் அன்றைய கணவர்வழிப் பெயர். ஹாலிவுட் நடிகையின் தோல்வி ஒரு மகாராஷ்டிரத் தொழிலாளியின் தலையில் விடிந்தது. இதைப் படிக்கிற உங்களில் யாராவது பாண்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தால், பெட்டி டேவிஸ் உங்களுக்குத் தூரத்துச் சொந்தம்.

ஆக, ஒலிவியா போனபோது முன்மாதிரி சாதகமாக இல்லை. ஆனால் அவருடைய வழக்கறிஞர் மார்ட்டின் காங் வேறொரு கதவைக் காட்டினார். கலிஃபோர்னியாவில் ஒரு பழைய சட்டம் இருந்தது. ஒருவருடைய தனிப்பட்ட உழைப்பை ஒப்பந்தம் மூலம் ஒரு எல்லைக்கு மேல் கட்டிப்போட முடியாது என்பது அதன் கருத்து. 1872-ல் அந்த எல்லை இரண்டு ஆண்டு. 1919-ல் ஐந்து ஆனது. 1931-ல் ஏழு ஆனது. நடிகர்களை நினைத்து எழுதிய சட்டமே இல்லை. எந்த வேலையாளுக்கும் பொருந்தும். ஏற்கெனவே மூன்று மடங்குக்கு மேல் நீண்டுவிட்ட அந்த எல்லையைத்தான் ஸ்டுடியோ சஸ்பென்ஷன் கணக்கால் இன்னும் இழுக்கப் பார்த்தது.

1943 ஆகஸ்டில் வழக்குப் போட்டார். ஸ்டுடியோவின் வாதம்: ஏழு ஆண்டு என்றால் ஏழு ஆண்டு உழைப்பு. உழைக்காத நாள் கணக்கில் வராது. அதோடு, சஸ்பென்ஷன் நிபந்தனைக்கு அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். விசாரணையில் அவரை இஷ்டத்துக்கு ஆடும் செல்லம் கொடுத்துக் கெட்ட நட்சத்திரமாகக் காட்ட முயன்றார்கள். இன்ன படத்தில் நடிக்க மறுத்தீர்களா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதட்டியதும், மறுக்கவில்லை, மரியாதையாக வேண்டாம் என்றேன் என்கிற தொனியில் தான் பதில் சொன்னதைப் பிற்காலப் பேட்டிகளில் ரசித்துச் சொல்வார். மெலனி குரலிலேயே சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார். வார்னர் மேல்முறையீடு செய்தது. இடையில் மற்ற ஸ்டுடியோக்களுக்குக் கடிதங்கள் பறந்தன. இவரை வேலைக்கு எடுக்காதீர்கள் என்பதுதான் அதன் பொருள். ஏறக்குறைய இரண்டு ஆண்டு எந்த ஸ்டுடியோவிலும் அவர் கால் வைக்க முடியவில்லை. இருபத்தேழு, இருபத்தெட்டு வயது. அன்றைய ஹாலிவுட்டில் நடிகைக்கு அது தங்கமான வயது, இரண்டு ஆண்டு காணாமல் போனால் ரசிகர்கள் மறந்தே போவார்கள். போர்க்காலம் வேறு. வேலையில்லாத அந்த நாட்களில் ராணுவ மருத்துவமனைகளுக்குப் பயணம் போனார். அலாஸ்கா, அலூஷியன் தீவுகள், தென் பசிபிக். கட்டில் கட்டிலாகப் போய்க் காயம்பட்டவர்களோடு பேசிக்கொண்டிருப்பதுதான் வேலை. பாட்டு நடனம் எல்லாம் இல்லை. பசிபிக் தீவு ஒன்றில் நிமோனியா கண்டு அவரே மருத்துவமனையில் படுத்தார்.

1944 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஏழு ஆண்டு என்றால் காலண்டர்படி ஏழு ஆண்டு. அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டாயே என்ற வாதத்துக்கு நீதிமன்றம் சொன்ன பதில் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. இது பொது நலனுக்காக இயற்றிய சட்டம், தனி ஒப்பந்தத்தில் ஒருவர் விட்டுக்கொடுத்தாலும் செல்லாது. ஏன் ஏழு ஆண்டில் விடுதலை? ஆண்டுகள் போகப் போக வேலையாளின் அனுபவமும் திறமையும் கூடும், அப்போது அவருக்கு மேலே ஏறவும் நல்ல விலை கேட்கவும் ஒரு வாய்ப்பு வேண்டும் என்று நீதிபதிகள் விளக்கினார்கள். பதினெட்டு வயதில் போட்ட விலையிலேயே ஒருத்தியை நிறுத்திவைக்கக் கூடாது. 1945 தொடக்கத்தில் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் வார்னரின் மனுவை எடுக்க மறுத்தது. கதை முடிந்தது. அவர் நடித்து முடித்து ஸ்டுடியோவின் அலமாரியில் கிடந்த 'டிவோஷன்' படம் 1946-ல்தான் வெளியே வந்தது. அதில் அவர் ஷார்லட் பிராண்டி.

வெற்றிக்குப் பிறகு என்ன செய்தார் என்பதில்தான் இந்த வழக்கு எதற்காக என்று தெரிகிறது. 'டு ஈச் ஹிஸ் ஓன்', 1946. கல்யாணமாகாமல் தாயான ஒரு சிற்றூர்ப் பெண். பெற்ற பிள்ளையை வேறொருத்தி வளர்க்கத் தூர நின்று பார்க்கிறாள். முதல் உலகப் போரில் தொடங்கி இரண்டாம் போர்வரை அவள் முதுமையடைவதை ஒலிவியா நடையிலும் குரலிலும் உடல் எடையிலும் கொண்டுவந்தார். முதல் ஆஸ்கர். 1948-ல் 'தி ஸ்நேக் பிட்'. மனநோய் விடுதியில் கண்விழிக்கும் எழுத்தாளர். ஒப்பனை இல்லாத, கலைந்த தலையோடு ஒரு கதாநாயகி. படத்துக்காக மனநல மருத்துவமனைகளுக்குப் போய் நோயாளிகளையும் அவர்களுக்குக் கொடுக்கும் சிகிச்சைகளையும் நேரில் பார்த்தார். வார்னர் காலத்தில் இந்தக் கதையை அவர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே 1949-ன் 'தி ஏரஸ்'. நியூயார்க்கில் மேடை நாடகமாகப் பார்த்துவிட்டு, இதை நீங்கள் இயக்க வேண்டும் என்று வில்லியம் வைலரிடம் அவரே கொண்டுபோன கதை. மூலம் ஹென்றி ஜேம்ஸின் நாவல். கேத்தரின் பணக்கார டாக்டரின் ஒரே மகள். அழகில்லை, பேச வராது என்று அப்பாவே குத்திக்காட்டிக்கொண்டிருப்பார். மாண்ட்கோமரி கிளிஃப்ட் நடித்த இளைஞன் காதலிப்பதாக வருகிறான், சொத்துக் கிடைக்காது என்று தெரிந்ததும் ஓடிப்போக வருவதாகச் சொன்ன இரவில் வராமல் விடுகிறான். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற வேண்டும். எத்தனை டேக் எடுத்தும் வைலருக்குத் திருப்தியில்லை. கடைசியில் காலிப் பெட்டியைக் கனமான சாமான்களால் நிரப்பிக் கொடுத்தார் என்று சொல்வார்கள். பார்க்கும்போது நம் கையும் வலிக்கும்.

படத்தின் முடிவில் இன்னொரு படியேற்றம் உண்டு. ஆண்டுகள் கழித்து அவன் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். அவள் தாழ்ப்பாள் போடச் சொல்லியாயிற்று. விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நிதானமாக மாடி ஏறுகிறாள். வெளியே அவள் பெயரைச் சொல்லிக் கதவை இடித்துக்கொண்டே இருக்கிறான். அந்த முகத்தில் சந்தோஷமா, வெறியா, நிம்மதியா என்று இன்னும் என்னால் முடிவு செய்ய முடியவில்லை. பார்க்காதவர்கள் பார்த்துவிடுங்கள். இரண்டாவது ஆஸ்கர் இதற்குத்தான்.

ஒரே வழக்கில் ஸ்டுடியோ ஆட்சியைச் சாய்த்துவிட்டார் என்று சிலர் எழுதுவது மிகை. 1948-ல் ஸ்டுடியோக்கள் திரையரங்குகளைக் கைவிட வழிசெய்த பாரமவுண்ட் தீர்ப்பும், வீட்டுக்கு வீடு நுழைந்த தொலைக்காட்சியும்தான் பெரிய அடிகள். ஒலிவியா தீர்த்துவைத்தது ஒரு எண்ணின் பொருளை மட்டும். ஆனால் அந்த எண்ணை வைத்துத்தான் அடுத்தடுத்து வந்தவர்கள் பேரம் பேசினார்கள். அந்தச் சட்டப் பிரிவை இன்றும் டி ஹாவிலண்ட் சட்டம் என்றே அழைக்கிறார்கள். இசைத்தட்டு நிறுவனங்கள் 1987-ல் அதில் ஒரு ஓட்டை போட்டுக்கொண்டன. பாடகர் ஏழு ஆண்டில் விலகலாம், ஆனால் தர வேண்டிய ஆல்பங்கள் பாக்கி இருந்தால் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடலாம். நடிகர் ஜாரெட் லெட்டோவின் தேர்ட்டி செகண்ட்ஸ் டு மார்ஸ் இசைக்குழு ஏழு ஆண்டுச் சட்டத்தைக் காட்டி விலகப் பார்த்தபோது, 2008-ல் ஈஎம்ஐ 3 கோடி டாலர் கேட்டது. கடைசியில் சமரசம்.

ஒலிவியா 1950-களில் பாரிஸுக்குக் குடிபோய் அங்கேயே தங்கிவிட்டார். 1965-ல் கான் திரைப்பட விழா நடுவர் குழுவுக்குத் தலைமை வகித்த முதல் பெண் அவர்தான். படங்கள் குறைந்தன. அதற்காக அவர் பெரிதாக வருந்தியதாகத் தெரியவில்லை.

2017-ல், 101-ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய தினம், மறுபடி வழக்குப் போட்டார். 'ஃப்யூட்' என்ற தொலைக்காட்சித் தொடரில் கேத்தரின் ஸீட்டா ஜோன்ஸ் இவராக நடித்திருந்தார். அனுமதி கேட்கவில்லை, நான் கொடுக்காத பேட்டியைக் கொடுத்ததாகவும், தங்கையைக் கெட்ட வார்த்தையில் திட்டியதாகவும் காட்டிவிட்டார்கள் என்பது புகார். 1944-ல் அவருக்கு விடுதலை கொடுத்த அதே மேல்முறையீட்டு வட்டாரம் 2018 மார்ச்சில் இந்த முறை அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வரலாற்று மனிதர்களைப் பற்றிக் கதை சொல்ல அவர்களிடம் அனுமதி வாங்கத் தேவையில்லை என்றார்கள். தீர்ப்பு சரி என்றுதான் நினைக்கிறேன். இல்லையென்றால் உயிரோடிருக்கும் யாரைப் பற்றியும் யாரும் படம் எடுக்க முடியாது. ஆனால் என் பெயர் உன் சரக்கு இல்லை என்று நூறு வயதுக்கு மேலே ஒருத்தி நீதிமன்றம் ஏறியதில் எந்த ஆச்சரியமும் இல்லை. அதே ஆள்தானே.

அவர் விடவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார். 2019 ஜனவரியில் அது வழக்கை எடுக்க மறுத்தபோது அவருக்கு வயது 102. அடுத்த ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி, 104 முடிந்து இருபத்தைந்தாம் நாள், பாரிஸ் வீட்டில் தூக்கத்திலேயே இறந்துபோனார்.